மாப்பிள்ளை அறை

சிறைக்குள் அவருக்குப் பெயர் கோடு சார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முற்றத்தில் சுண்ணாம்பால் நேராக ஒரு கோடு இழுத்து, கைதிகள் அதன்மேல்தான் இரண்டிரண்டு பேராகக் குந்த வேண்டும் என்று ஒழுங்கு செய்தவர் அவர். எண்ணிக்கை எடுக்க அது வசதி. கோடு மழையில் கரைந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பெயர் கரையவில்லை. தலைமைக் காவலராக உயர்ந்த பிறகும், முகத்துக்கு நேரே 'சார்' என்றவர்கள் முதுகுக்குப் பின்னால் 'கோடு வருது' என்றுதான் சொன்னார்கள்.

சிறைக்கு வெளியே அவர் வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை போட்டுக்கொள்ளும் சாதாரணக் குடும்பஸ்தர். காவலர் குடியிருப்பில் இரண்டாம் மாடி. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். படி இறங்கிப் பாதியில் நின்று திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். மனைவிக்கு இது பழகிப்போன வேடிக்கை.

"நான் என்ன விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா? அதையாவது சொல்லிடுங்க."

"ஆயுள்."

"நன்னடத்தைன்னு ஒண்ணு இருக்கே, அதுல விட மாட்டீங்களா?"

"அதுக்கு நன்னடத்தை வேணுமே."

அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. இளகிய மனம் படைத்தவர் என்று சொன்னால் அவரே சிரிப்பார். தான் நின்ற இடத்தின் வழக்கத்தை, அது வழக்கம் என்றே தெரியாமல் செய்துகொண்டிருந்தவர். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். அவருக்கு நேர்ந்தது என்னவென்றால், ஒருநாள் அந்த வழக்கம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. பட்டதும் அவர் செய்தது நல்லதா என்று முடிவு கட்ட அவசரம் வேண்டாம்.

அவருக்கு ஒரே அக்கா. அக்காவுக்கு ஒரே மகள். கணவன் போனபின் அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் மடித்து அந்தப் பெண்ணை வளர்த்தாள். மகள் ஒரு துணி ஆலையின் மூன்றாம் மாடியில் காலர் தைக்கும் வேலைக்குப் போனாள். ஷிப்ட் முடியும்முன் யாரும் இறங்கிவிடக் கூடாது, துணி வெளியே போய்விடக் கூடாது என்று அங்கே மாடிப்படியின் கிரில் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். கீழே மின்பெட்டியில் பிடித்த தீ துணி மூட்டைகளுக்குத் தாவியது. புகை படிக்கட்டு வழியே மேலே ஏறியது. கிரில் பூட்டியபடியே இருந்தது.

அடையாளம் காட்டப் போனது தாய்மாமன்தான். அக்காவை அவர் உள்ளே விடவில்லை. என்ன பார்த்தாய் என்று அக்கா அதன்பின் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குடியிருப்புக்கு வந்து தம்பி பெண்டாட்டியோடு காய் நறுக்கிவிட்டுப் போவாள்.

ஆலை முதலாளி தீப்பிடித்த அன்று ஊரில் இருந்தார். மறுநாள் இல்லை. பல வருடம் கழித்து வேறொரு நாட்டில், தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு உணவகம் நடத்திக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். நம் அரசாங்கம் ஆளை அனுப்பு என்று கேட்டது. கேட்டதும் திருப்பிக் கொடுக்க ஆள் என்ன இரவல் வாங்கிய பாத்திரமா? ஒருவனை அனுப்பும் முன் அங்கே அவனை என்ன செய்வார்கள் என்று விசாரிக்கச் சொல்கிறது அந்த நாட்டுச் சட்டம். முதலாளியின் வக்கீல் நம் சிறைகளைப் பற்றி நீளமாகப் பேசினார். நெரிசல், அடி, மருந்து கிடைக்காமல் செத்தவர்கள். அவர் பேச்சில் பொய் அதிகமில்லை என்பதுதான் சங்கடம்.

"கிரில்லப் பூட்டினவனுக்கு உரிமையாம். பூட்டுக்குப் பின்னால நின்னவங்களுக்கு?" என்றாள் அக்கா. பதில் சுலபம் என்று நினைக்கிறவர்கள் அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அரசாங்கம் தன் சிறை நல்ல சிறை என்று காட்ட முடிவு செய்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த சிறை கோடு சார் வேலை பார்த்தது. கடைசித் தொகுதியில் இரண்டு அறைகளுக்கு இடையிலிருந்த சுவரை இடித்து ஒன்றாக்கினார்கள். கழிப்பறைக்குக் கதவு வைத்தார்கள். கட்டில், மேசை, மின்விசிறி எல்லாம் வந்தன. கூரைக்குக் கீழே இருந்த சின்னத் துவாரத்தை அடைத்துவிட்டு, நின்றால் வெளியே பார்க்கிற உயரத்தில் ஜன்னல் திறந்தார்கள். கட்டிலும் மேசையும் செய்தவர் ஒரு தச்சர். நீண்ட தண்டனைக்காரர், குடும்பம் கைவிட்டுவிட்டது, நாக்கில் மட்டும் கிண்டல் வற்றாதவர். சிறையை மாமியார் வீடு என்று சொல்வது எல்லா ஊர்க் கேலியும்தான். அந்தக் கேலியை அவர் ஒருபடி மேலே கொண்டுபோனார்.

"நாங்கெல்லாம் மாமியார் வீட்டுக்கு விருந்தாளிங்க சார். வரப்போற முதலாளிதான் வீட்டோட மாப்பிள்ளை. அதான் தனி ரூம்."

அன்றிலிருந்து அது மாப்பிள்ளை அறை. காவலர்களும் அப்படியே சொன்னார்கள். பக்கத்துக் கூடத்தில் திரும்பிப் படுக்க இடமில்லாமல் கிடந்தவர்கள், காலையில் தண்ணீருக்கு வரிசையில் போகும்போது அதன் உள்ளே எட்டிப் பார்த்து, மாப்பிள்ளைக்கு மெத்தை வந்துவிட்டதா, ஜமக்காளம்தானா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அறையின் படங்களை அனுப்பிப் பார்த்தார்கள். அங்கிருந்த நீதிபதி திருப்தி அடையவில்லை. அறை இருப்பது தெரிகிறது, அதில் ஒரு மனிதன் எப்படி இருப்பான் என்பது தெரியவில்லை என்று சொல்லி, நேரில் பார்த்து வர ஒருவரை அனுப்ப உத்தரவிட்டார். சிறைக் கண்காணிப்பாளர் அந்த அறைச் சாவியைக் கோடு சாரிடம் கொடுத்தார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

செத்த பெண்களில் ஒருத்தி அவர் அக்கா மகள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கண்காணிப்பாளரே துக்கம் கேட்க வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனவர். ஆனால் இறந்த பெண்ணின் மாமன் கையில் குற்றம் சாட்டப்பட்டவனின் சாவி என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அது குடும்ப விஷயம், இது டியூட்டி. இரண்டும் ஒரே ஆளின் இரண்டு பையில் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா அறையைப் பற்றி விசாரித்தாள். அவர் வேடிக்கையாகவே சொன்னார்: மாப்பிள்ளைக்குக் கட்டில் வந்தாச்சு, ஜன்னலும் வெச்சாச்சு. அக்காவின் கை நின்றது.

"எந்தப் பக்கம் ஜன்னல்?"

"தோட்டத்துப் பக்கம்."

"என் பொண்ணு நின்ன எடத்துல ஜன்னல் இல்ல. சுவத்துல கை பட்ட எடமெல்லாம் கருப்பா இருந்துச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். அவனுக்கு நீ ஜன்னல் வெச்சுக் குடுக்கற."

"ஜன்னல் இருந்தாத்தான் அனுப்புவாங்களாம் அக்கா."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். பிறகு, அப்படியானால் இன்னும் ஒன்று வை என்றாள். கோபத்தில் சொன்னதா, மனப்பூர்வமாகச் சொன்னதா என்று அவருக்குப் புரியவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவன் நல்லாருந்தா என்ன, நாசமாப் போனா என்ன. இங்க கொண்டு வந்து நிறுத்துங்கடா. ஏன் பூட்டினேன்னு ஒரு தடவ அவன் வாயால சொல்லணும். நான் கேக்கணும். அது போதும் எனக்கு."

பார்வையிட வருகிறவர் அந்த நாட்டுச் சிறைகளில் பல காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா என்று தெரிந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவதுபோல் பரபரப்பு. நடைபாதைக்கு வெள்ளை அடித்தார்கள், தொட்டியைத் தேய்த்தார்கள். வெறும் அறையைக் காட்டுவதைவிட ஆள் குடியிருக்கிற அறையாகக் காட்டினால் நம்பிக்கை வரும் என்று கண்காணிப்பாளருக்குத் தோன்றியது. தச்சரை அதற்குள் குடிவைத்தார்கள். பேசத் தெரிந்தவர், சுத்தமானவர், கட்டிலின் அருமை அறிந்தவர். ஒரு வாரம் அவர் தான் செய்த கட்டிலில் தானே படுத்தார். தூக்கமே வரவில்லை என்று புகார் சொன்னார். பக்கத்தில் யாருடைய காலும் மேலே விழாமல் எப்படித் தூங்குவது?

ஒத்திகை பார்த்தார்கள். கிடங்கு எழுத்தர் டாக்டரம்மா வேடம் போட்டுக்கொண்டு, கைப்பைக்குப் பதில் டிபன் டப்பாவைப் பிடித்தபடி உள்ளே வந்தார். தச்சர் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும். கேட்டால், எல்லா வசதியும் இருக்கிறது, வேளைக்குச் சாப்பாடு, வாரம் ஒருமுறை டாக்டர் என்று சொல்ல வேண்டும். முதல் முறையே பிசகில்லாமல் வந்தது. கோடு சாருக்கே பெருமையாக இருந்தது.

டாக்டரம்மா ஒரு காலையில் மொழிபெயர்க்கும் பெண்ணோடு வந்தார். நரைத்த தலை, தட்டையான செருப்பு, மெல்லிய குரல். கண்காணிப்பாளர் விறைப்பான சீருடையில், தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். கோடு சார் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

தச்சர் கட்டிலில்தான் இருந்தார். கையில் பேப்பரும் இருந்தது. தொப்பி வாசலில் தெரிந்ததும் பேப்பர் கீழே விழுந்தது. அவர் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் குந்தினார். சுவரைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு கையையும் கோத்துப் பிடரியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா நின்றுவிட்டார். கண்காணிப்பாளர் நிற்கவில்லை. ஜன்னலைக் காட்டினார், விசிறியைப் போட்டுக் காட்டினார், கழிப்பறைக் கதவைத் திறந்து மூடினார். கோடு சார் பின்னாலேயே போய், தாழ்ப்பாள் உள்பக்கமும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இவருக்கு உடம்பு சரியில்லையா என்று டாக்டரம்மா கேட்டதாக அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். யாருக்கு, என்றார் கண்காணிப்பாளர். நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. கோடு சாருக்கும் புரியவில்லை. அறையில் ஒரு மனிதன் சுவரைப் பார்த்துக் குந்தியிருப்பதை அங்கே பார்த்தவர்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான்.

டாக்டரம்மா தச்சருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். தச்சர் மனப்பாடம் செய்ததைச் சுவரிடம் சொன்னார்.

"எல்லா வசதியும் இருக்கும்மா. வேளைக்குச் சாப்பாடு. வாரம் ஒரு தடவ டாக்டர்."

அப்போதுதான் கோடு சாரின் காதுக்குள் ஏதோ அடைத்ததுபோல் இருந்ததாம். பின்னால் அவர் மனைவியிடம் சொன்னது அது. அதிகாரி வந்தால் குந்த வேண்டும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. புதிதாக வருகிறவனுக்கு முதல் சில நாளில் தடியால் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்குப்பிறகு தடி வேண்டியதில்லை, தொப்பி போதும். ஒத்திகையில் தொப்பி இல்லை. எழுத்தர் வெறும் தலையோடு வந்தார். எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு, குந்தாதே என்று சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை. அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே வேண்டாம் என்று சொல்வதற்கு?

அது மரியாதை, இங்கே அப்படித்தான் என்றார் கண்காணிப்பாளர். டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டு, இந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார். அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். நீதிமன்ற உத்தரவில் அதற்கு இடமிருந்தது.

கம்பளிகள் அடுக்கியிருந்த ஒரு சிறிய அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். கோடு சார் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். தச்சர் குந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் டாக்டரம்மாவின் முதல் கேள்வி.

"ஒண்ணும் ஆகாதும்மா."

அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போகவில்லை. காத்திருந்தார். சிறைக்காரருக்குத் தெரியாத தந்திரமில்லை அது, விசாரணையில் எல்லோரும் செய்வதுதான். அவருக்கு அக்கா ஞாபகம் வந்தது. இந்த ஒரு வார்த்தையோடு எழுந்து போய்விட்டால் முதலாளி வந்துவிடுவார், அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவாள். இதையெல்லாம் அவர் நினைத்துப் பார்த்தார். நினைக்காமல் உளறிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது.

"அடிப்போம்" என்றார். "இப்ப கொறவு. முன்ன ஜாஸ்தி. நானும் அடிச்சிருக்கேன். அந்த தச்சரையே அடிச்சிருக்கேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா ஓடுவதைப் பார்த்ததும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அதுக்காக அந்த முதலாளிய அனுப்ப வேணாம்னு எழுதிடாதீங்கம்மா. அந்தத் தீயில போனது எங்க அக்கா பொண்ணு. அவன் இங்க வரணும்."

மொழிபெயர்க்கும் பெண் அவர் பக்கம் திரும்பினாள். இதையும் சொல்லட்டுமா என்று தமிழில் கேட்டாள். சொல்லுங்கள் என்றார். அவள் சொன்னபோது டாக்டரம்மாவின் முகத்தில் இரக்கம்தான் தெரிந்தது. ஆனால் பேனா மறுபடி ஓடியது. ஓடத்தான் வேண்டும். கைதியின் சாவி, அவன் மேல் பழி தீர்க்கக் காரணமுள்ள ஒருவரிடம் இருக்கிறது. வேண்டுகோளாக அவர் சொன்னது வெள்ளைக்காகிதத்தில் ஆபத்தாக உட்கார்ந்துகொண்டது.

கண்காணிப்பாளர் அவரை வேலைநீக்கம் செய்யவில்லை. வெளிநாட்டு அறிக்கையில் இடம்பிடித்த ஆளை உடனே தண்டித்தால் அதுவும் அடுத்த அறிக்கையில் ஏறும் என்ற விவேகம் அவருக்கு இருந்தது.

"யோவ், அரை மணி நேரம் ஒரு பொம்பளையோட தனியா விட்டா குடும்பக் கதை பூரா சொல்லுவியா? சாவியக் குடுத்துட்டுப் போ."

அந்த நாட்டு நீதிமன்றத்தில் டாக்டரம்மாவின் அறிக்கையை உரக்கப் படித்தது முதலாளியின் வக்கீல். இறந்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்கு ஒரு வக்கீல் உண்டு. அவர் மூலம் அது அக்காவுக்குத் தெரிந்தது. வேலை முடிந்து, சோப்பு வாடையோடு நேரே குடியிருப்புக்கு வந்தாள். உட்காரவில்லை.

"என் தம்பி அவனுக்கு சாட்சியாமே?"

"அக்கா, கேட்டாங்க. சொன்னேன்."

"ஊருல எத்தனையோ பேரு எத்தனையோ கேக்கறாங்க. எல்லாருக்கும் உள்ளத உள்ளபடி சொல்லிட்டா இருக்க நீ? போன மாசம் ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லாருக்குன்ன. நாலு மாத்திர முழுங்கிட்டுத்தான சொன்ன?"

மனைவி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்து நின்றபடி மெதுவாகச் சொன்னார்:

"அந்தம்மா கேட்டது முதலாளியப் பத்தி இல்லக்கா. தச்சரப் பத்தி."

"தச்சர் உனக்கு யாரு?"

"யாருமில்ல."

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். "என் பொண்ணு உனக்கு யாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படி இறங்கினாள். அதற்குப்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை.

அந்த இரண்டு கேள்விகளும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. சொந்தத்துக்கு நாம் கடன்பட்டிருப்பதும், யாருமில்லாதவனுக்கு நாம் கடன்பட்டிருப்பதும் வேறு வேறு எடைக்கற்கள். யாருமில்லாதவனுக்கும் ஏதோ கடன்பட்டிருக்கிறோம் என்பதே பலருக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விடுகிறது. கோடு சார் ஏன் சொன்னார் என்று அவர் மனைவியும் கேட்டிருக்கிறாள். மனச்சாட்சி, நீதி என்றெல்லாம் அவர் பேசவில்லை. "தச்சரு சுவரப் பாத்து எனக்கே பதில் சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நாட்டு நீதிபதி முதலாளியை விட்டுவிடவில்லை. உடனே அனுப்பவுமில்லை. அனுப்பலாம், ஆனால் சில உறுதிகள் வேண்டும் என்றார். அந்தத் தலைமைக் காவலர் கைதியின் பக்கத்தில் இருக்கக் கூடாது. தங்கள் தூதரக ஆள் அவ்வப்போது வந்து பார்ப்பார். விசாரணையை இழுத்தடிக்கக் கூடாது. இவை எதிர்பார்த்தவைதான். கடைசி நிபந்தனையைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை: குந்தவைக்கும் வழக்கம் ஒரு அறையில் அல்ல, சிறை முழுவதிலும் நிற்க வேண்டும். சுற்றிலும் எல்லோரும் சுவரைப் பார்த்துக் குந்தியிருக்க, நடுவில் ஒருவனை மட்டும் மனிதனாக வைத்திருப்போம் என்ற வாக்கை நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

இங்கே அதிகாரிகளுக்கு ரோஷம் வந்தது. நம் சிறைக்கு அவன் யார் சட்டம் போட என்றார்கள். ஒருத்தனைக் கொண்டுவர இத்தனை பேரை நிமிர்த்துவதா என்றார்கள். கோப்பு ஒரு மேசையில் படுத்துக்கொண்டது. கடைசியில் அதை எழுப்பியது செத்தவர்களின் குடும்பங்கள். ஆள் வேண்டுமென்றால் இந்த உத்தரவு வேண்டும் என்று சங்கத்து வக்கீல் எடுத்துச் சொன்னார். மகளையும் தங்கையையும் பறிகொடுத்தவர்கள், கைதிகளைக் குந்தவைக்காதே என்று எழுதிய அட்டைகளோடு தலைமை அலுவலக வாசலில் வெயிலில் நின்றார்கள். அக்காவும் நின்றாள். பக்கத்தில் நின்றவள், நமக்கு ஏன் இந்தத் தலையெழுத்து என்று கேட்டாளாம். "எல்லாத்துக்கும் நாமதான் நிக்கணும். இதுக்கும் நிப்போம்" என்று சொன்னாளாம் அக்கா. அதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. பேப்பரில் வந்த போட்டோவில் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

உத்தரவு வந்தது. முதல் காலை எண்ணிக்கையில் நிற்கச் சொன்னபோது முற்றத்தில் ஒரே குழப்பம். தொப்பியைக் கண்டதும் முழங்கால்கள் தாமாக மடங்கின. பாதி குந்திப் பாதி எழுந்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, சிரிப்பும் பயமுமாக இருந்தது. தச்சர் எழுந்து நின்று, "சார், உயரத்துல தல சுத்துது" என்றார். காவலர்களில் சிலர் சிரித்தார்கள். கோடு சார் சிரிக்கவில்லை. பெயர் கூப்பிட வேண்டிய அவர், கூப்பிட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் அவர்களைப் பிடரியை வைத்தே அடையாளம் கண்டிருந்தார். மச்சம் உள்ள பிடரி, தழும்பு உள்ள பிடரி, சுருட்டை முடிப் பிடரி. எதிரே நின்றவை அவருக்குத் தெரியாத முகங்கள்.

இதனால் அந்தச் சிறை சொர்க்கமாகிவிட்டது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். கூடத்தில் நெரிசல் அப்படியேதான் இருந்தது. அடி முழுக்க நின்றதா என்பதும் சந்தேகம். குந்துவது நின்றது, அவ்வளவுதான்.

நிபந்தனைப்படி கோடு சாரைத் தொலைவில் ஒரு சின்னச் சிறைக்கு மாற்றினார்கள். சின்னப் பூட்டு, கொஞ்சம் ஆட்கள். மனைவி சாமான்களைக் கட்டிக்கொண்டே, ஆயுள் கைதியையும் இடம் மாற்றுவார்களா என்று கேட்டாள். முதலாளி விமானத்தில் வந்து இறங்கியதையும், மாப்பிள்ளை அறைக்குள் போனதையும் பழைய சகாக்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மெத்தை மெல்லிசாக இருக்கிறது என்று முதல் வாரமே புகார் கொடுத்தாராம் மாப்பிள்ளை. முதலாளியை அவர் கடைசிவரை நேரில் பார்க்கவேயில்லை.

விசாரணை தொடங்கியது. ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போன் வந்தது. அக்காவின் எண். அத்தனை மாதத்தில் முதல் தடவை. எடுத்து, "சொல்லுக்கா" என்றார். பின்னால் நீதிமன்ற வளாகத்தின் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"இன்னிக்குக் கூண்டுல ஏத்துனாங்க. நல்லாத்தான் இருக்கான். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு" என்றாள். வந்ததுமே அவன் வக்கீல் எழுந்து, உடம்பு முடியவில்லை, ஜெயிலில் படாதபாடு, பதில் சொல்லும் நிலையில் இல்லை என்று ஆரம்பித்திருக்கிறார். ஜட்ஜ் தூதரக ஆளின் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றுமில்லையே, கேளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். கிரில் கதவை ஏன் பூட்டி வைத்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னான்?"

"சாவி வாட்ச்மேன்கிட்ட இருந்துச்சாம். தனக்குத் தெரியாதாம்."

அந்த வாட்ச்மேனும் அதே தீயில் போனவர்.

"பொய் சொல்றான்க்கா."

"தெரியும்" என்றாள் அக்கா. "பொய்யாவது சொன்னான்ல, என் எதுர நின்னு. நாளைக்கு அதுக்கு மேல கேப்பாங்க. நாளைக்கும் நான் போவேன்."

பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். இல்லை, இப்போதுதான் உட்கார்ந்தேன் என்றார். "சாப்புடு. வயித்தக் காய விடாத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.